கெத்தும் இலை: மருந்தா, நஞ்சா?



தோட்டப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாடப் புத்தகத்தில் விடை இல்லாத கேள்விகள்தாம் அதிகம் வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு, இங்கே ஜொகூரில், எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு பையன் அறிவியல் பாடம் முடிந்ததும் மேசை அருகே வந்து நின்றான். "சார், கெத்தும் தண்ணி மருந்தா, விஷமா?" என்று கேட்டான்.

"யார் குடிக்கிறாங்க?" என்றோம். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்பா. தோள்வலிக்குக் குடிக்கிறாரு. குடிச்சாத்தான் வேலைக்குப் போக முடியுதாம்" என்றான்.

அவன் தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீண்ட கழியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து தூக்கித் தூக்கி அவருடைய தோளும் கழுத்தும் தேய்ந்து போயிருந்தன. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் கெத்தும் இலையைப் பற்றி அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "அது விஷம். வீட்டில் இருந்தால் கொட்டிவிடு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டோம்.

ஆசிரியர் சொன்னால் அப்படியே செய்கிற பிள்ளை அவன். அன்றிரவே அடுப்படியில் இருந்த போத்தல்களை எடுத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டான். மறுநாள் தகப்பனாருக்கு உடம்பெல்லாம் வலி. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது, வயிறு கழிந்தது, இரவில் தூக்கம் இல்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. பையன் அடி வாங்கினான். ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை.

அடுத்த வாரம் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு தாயார் வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தோம். அவர் சண்டை போடவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "சார், விஷம்னா அதை நிறுத்தினதும் உடம்பு நல்லாகணும் இல்லையா? இவரு ஏன் நிறுத்தினதும் படுத்துட்டாரு?"

நேயர்களே, அந்தத் தாயாரின் கேள்விக்கு விடை தேடித்தான் நாங்கள் படிக்கத் தொடங்கினோம். படித்து அறிந்ததையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். கெத்தும் என்பது நம் நாட்டிலும் தாய்லாந்திலும் ஈரமான நிலத்தில் வளரும் பெரிய மரம். மலேசியாவில் கெடா, பெர்லிஸ், பினாங்கு, கிளந்தான் ஆகிய வடபுலத்து மாநிலங்களில்தான் இதன் பழக்கம் அதிகம். தாய்லாந்து மக்கள் இதைக் கிராத்தோம் என்கிறார்கள். கோப்பிச் செடி எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, கெத்தும் மரமும் அதே குடும்பம்தான். தமிழ்நாட்டில் நம் முன்னோர் அறிந்த நீர்க்கடம்பு இதற்கு நெருங்கிய உறவு. உறவு என்பதால் குணமும் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளே ஒரே குணமாக இருப்பதில்லை அல்லவா?

இந்த மரத்தினத்துக்கு மித்ராஜைனா என்ற அறிவியல் பெயரை 1839-ஆம் ஆண்டில் சூட்டியவர் கோர்த்தால்ஸ் என்னும் டச்சுத் தாவரவியலாளர். வெயிலில் உழைக்கும் ஏழை மக்கள் களைப்புத் தெரியாமல் இருக்க இந்த இலையை மென்றார்கள். அபின் கிடைக்காத நேரத்தில் அதற்குப் பதிலாகவும் பயன்படுத்தினார்கள். இதை ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகளில் காணலாம். 1921-இல் எலன் ஃபீல்டு என்ற பெண்மணி எடின்பரோவில் இந்த இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு மித்ராஜினைன் என்று பெயர். இன்று இந்த இலையில் 40-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருப்பது தெரிய வந்திருக்கிறது. ஆல்கலாய்டு என்றால் என்ன? செடிகள் தம் உடலில் உண்டாக்கிக்கொள்ளும் ஒருவகைக் காரப் பொருள். கோப்பியில் உள்ள கெஃபீன், புகையிலையில் உள்ள நிக்கோட்டின், அபினில் உள்ள மார்ஃபின் ஆகிய எல்லாம் ஆல்கலாய்டுகளே.

இந்த மித்ராஜினைன் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? கையில் முள் குத்தினால் அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அப்போதுதான் நமக்கு வலி தெரிகிறது. அந்தச் செய்தியின் வேகத்தைத் தணிப்பதற்கு நம் உடம்பே சில பொருள்களைச் சுரக்கிறது. அவை வந்து அமர்வதற்கென்று நரம்பணுக்களில் இடங்கள் உண்டு. அவற்றை ஏற்பிகள் என்பார்கள். கோப்பிக் கடை நாற்காலியாக அவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வந்து அமர வேண்டிய நாற்காலியில் வெளியாரும் வந்து அமரலாம். மார்ஃபினும் ஹெராயினும் அப்படி வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும் வெளியார். மித்ராஜினைனும் அதே நாற்காலிக்குத்தான் வருகிறது. ஆனால் நுனியில் பாதி அமர்ந்ததுபோல் அமர்கிறது. அதனால்தான் அதன் வேகம் மார்ஃபினைவிடக் குறைவு. என்றாலும் அதில் ஒரு பகுதியை நம் கல்லீரல் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. 7-ஹைட்ராக்சி மித்ராஜினைன் எனப்படும் அந்தப் பொருளுக்கு வேகம் மிக அதிகம். ஆகவே "வெறும் இலைதானே" என்று சொல்வது சரியாகாது.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் நாள்தோறும் உள்நோக்கித் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் கதவு திறந்துவிடாமல் இருக்க எதிர்த்துத் தள்ளப் பழகிக்கொள்கிறார். ஒருநாள் வெளியில் தள்ளுகிறவர் வரவில்லை. என்ன ஆகும்? உள்ளே இருந்து தள்ளியவர் கதவோடு சேர்ந்து வெளியே வந்து விழுவார். நாள்தோறும் கெத்தும் குடிக்கிறவரின் உடம்பும் இப்படித்தான். குடிக்கிற பொருள் நரம்பை அமுக்கி வைக்கிறது. உடம்பு அதை எதிர்த்து நிமிரப் பழகுகிறது. பொருள் திடீரென்று நின்றதும் அமுங்கிக் கிடந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. மூக்கு ஒழுகுகிறது, வயிறு கழிகிறது, தசை இழுக்கிறது, தூக்கம் போகிறது.

ஆகவே, நிறுத்தியதும் அவர் படுத்துவிட்டது கெத்தும் விஷம் என்பதற்கும் சான்றல்ல; மருந்து என்பதற்கும் சான்றல்ல. அவர் உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்பதற்கே சான்று. அப்படியானால் அவருடைய தோள்வலி குறைந்ததாகச் சொன்னாரே, அது மெய்யா, மனப்பிரமையா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் பள்ளித் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். இரண்டு பாத்தியில் கீரை விதைத்தோம். ஒன்றுக்கு மாட்டெரு, மற்றதற்கு எதுவும் இல்லை. எரு போட்ட பிள்ளைகளையே செடியின் உயரத்தை அளக்கச் சொன்னோம். எரு போட்ட பாத்தி மிக உயரம் என்று கணக்கு வந்தது. பிறகு எந்தப் பாத்திக்கு எரு என்று தெரியாத நான்காம் ஆண்டுப் பிள்ளைகளை அளக்கச் சொன்னோம். அப்போதும் எரு போட்ட பாத்திதான் உயரம். ஆனால் வேறுபாடு முன்பு சொன்னதில் பாதிகூட இல்லை. முதலில் அளந்த பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. தங்கள் பாத்தியில் உயரமான செடியாகப் பார்த்து அளவுகோலை வைத்திருக்கிறார்கள். ஆசை கண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

செடியை அளப்பதிலேயே இப்படி என்றால் வலியை அளப்பதைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? "இது வலியைத் தீர்க்கும்" என்று நம்பிக் குடிக்கிறவருக்கு, வெறும் நீரைக் கொடுத்தாலும் சிறிது நேரம் வலி குறையலாம். அதனால்தான் மருந்தாய்வு செய்கிறவர்கள் ஒரு முறையைக் கையாள்கிறார்கள். மருந்தும் கொடுப்பார்கள், மருந்தைப் போலவே தோன்றும் வெறும் பொருளும் கொடுப்பார்கள். எது எது என்று குடிக்கிறவருக்கும் தெரியாது. கொடுத்து அளக்கிறவருக்கும் தெரியாது. யாருக்கு எது முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவு செய்வார்கள். எல்லாம் முடிந்த பிறகே கணக்கைத் திறந்து பார்ப்பார்கள்.

கெத்தும் நீரை இப்படிச் சோதித்தவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தில், பாலசிங்கம் விக்னசிங்கமும் அவருடன் பணிபுரிவோரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து அந்தச் சோதனையை நடத்தினார்கள். அதன் முடிவு 2020-இல் வெளியாயிற்று.

அதில் கலந்துகொண்டவர்கள் 26 ஆண்கள். சராசரி வயது 24. ஏறத்தாழ 6 ஆண்டுகளாக நாள்தோறும் கெத்தும் குடித்து வந்தவர்கள். அவர்களை ஒரு நாள் மருத்துவக் கண்காணிப்பில் வைத்து, கெத்தும் நீரையும், நிறத்திலும் சுவையிலும் அதைப் போன்ற வேறொரு நீரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வலியை அளப்பதற்கு ஐஸ் தண்ணீர்தான் கருவி. கையை ஐஸ் தண்ணீருக்குள் விட வேண்டும். வலி தொடங்கியதிலிருந்து "இனி முடியாது" என்று கையை எடுக்கும்வரை எத்தனை விநாடி என்று கணக்கிடுவார்கள்.

கெத்தும் குடிப்பதற்கு முன் அவர்கள் சராசரியாக 11.2 விநாடி தாங்கினார்கள். குடித்து ஒரு மணி நேரம் கழித்து 24.9 விநாடி. போலி நீரைக் குடித்தபோது முன்பு 15 விநாடி, பின்பு 12 விநாடி. அதாவது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆக, பையனின் தகப்பனார் சொன்னது மனப்பிரமை இல்லை. அந்த இலைக்கு வலியைத் தாங்கச் செய்யும் ஆற்றல் உண்டு. "விஷம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்ட நாங்கள் இந்தக் கணக்கைப் படித்தபோது தலை குனிந்தோம்.

ஆனால், நேயர்களே, இந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே கடையைத் தேடிப் போய்விட வேண்டாம். அது சொல்லாதது என்ன என்பதையும் பாருங்கள். சோதிக்கப்பட்டவர்கள் 26 பேர் மட்டுமே. அதில் ஒரு பெண்கூட இல்லை. எல்லாரும் ஏற்கெனவே பழகிய இளைஞர்கள். புதிதாகக் குடிக்கிறவருக்கு என்ன ஆகும் என்று அது காட்டவில்லை. ஒரு நாள் சோதனை, ஓர் ஆயுள் அல்ல. ஐஸ் தண்ணீரில் வரும் வலி வேறு. இருபது ஆண்டு குலை வெட்டிய தோளின் வலி வேறு. மேலும் 24.9 என்பது சராசரி. சிலர் நெடுநேரம் தாங்கினார்கள், சிலருக்கு அதிக மாற்றம் இல்லை. அந்த ஆய்வாளர்களே, வலி நீக்கும் தன்மையைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் இன்னும் கடுமையான ஆய்வுகள் தேவை என்றுதான் எழுதி முடித்திருக்கிறார்கள்.

இதே மையத்தைச் சேர்ந்தவர்கள் முன்பு செய்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் வடமாநிலங்களில் கெத்தும் குடிக்கும் 136 பேரைக் கண்டு விசாரித்தார்கள். அவர்களில் 104 பேர் அதற்கு முன் வேறு போதைப்பொருள் பயன்படுத்தியவர்கள். ஹெராயினைக் குறைப்பதற்கும், அதை விட்டபோது வரும் வேதனையைத் தாங்குவதற்கும், விலை மலிவு என்பதற்காகவும் கெத்துமைக் குடித்ததாகச் சொன்னார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பெரிய பள்ளத்திலிருந்து சின்னப் பள்ளத்துக்கு வந்த கதை.

2014-இல் வெளியான மற்றோர் ஆய்வில் தர்ஷன் சிங், விக்னசிங்கம் முதலியோர், தவறாமல் குடிக்கும் 293 பேரை ஆராய்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் குடித்தவர்களான அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கடுமையாக அடிமைப்பட்டிருந்தார்கள். 45 விழுக்காட்டினர் நடுத்தர அளவில் அடிமைப்பட்டிருந்தார்கள். நிறுத்தினால் வரும் துன்பங்களாக அவர்கள் சொன்னவை: தசை இழுப்பு, வலி, தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் நீர், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பரபரப்பு, கோபம், சோர்வு. அந்தப் பையனின் வீட்டில் நடந்ததை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறதல்லவா? நாளொன்றுக்கு மூன்று கிளாஸோ அதற்கு மேலோ குடிக்கிறவர்களுக்கே கடுமையான அடிமைத்தனம் வரும் வாய்ப்பு அதிகம் என்றும் கண்டார்கள்.

வலி குறைந்ததும் மெய், அடிமைப்பட்டதும் மெய். மருந்தா, நஞ்சா என்று பையன் கேட்டான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னதுதான் எங்கள் பிழை. அளவும் ஆளும் காலமும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

இந்தச் சிக்கல் நம் கெத்துமுக்கு மட்டும் உரியதல்ல. மனத்தின் காட்சியையே மாற்றிவிடும் ஒருவகைக் காளானைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மக்கள் சடங்குகளில் உண்டது அது. அதிலிருந்து சைலோசைபின் என்ற பொருளை 1958-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் பிரித்தெடுத்தார். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை 1938-இல் முதன்முதல் உண்டாக்கியவரும் அவரே. அண்மைக் காலத்தில், தீராத மனச்சோர்வு உள்ளவர்களுக்கு சைலோசைபின் உதவுமா என்று மருத்துவர்கள் சோதித்து வருகிறார்கள்.

அவர்களுக்கும் நம் கீரைப் பாத்தித் தொல்லைதான். போலி மாத்திரை விழுங்கியவருக்கு ஒன்றும் ஆகாது. மெய்யான மாத்திரை விழுங்கியவருக்குச் சுவரே அசைவதுபோல் தோன்றும். யாருக்கு எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதைச் சமாளிக்க, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் கிரிஃபித்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் மாத்திரைக்குப் பதிலாக நரம்பைத் தூண்டும் வேறொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பெரிய பல்கலைக்கழகங்களே ஒரு பொருளின் குணத்தை அறிய இத்தனை பாடுபடும்போது, போத்தலில் விற்கிறவர் "இது ஒன்றும் செய்யாது, நம்பிக் குடி" என்று சொல்வதை நாம் எப்படி நம்புவது?

போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வில் கொடுத்த நீரில் என்ன இருந்தது என்று ஆய்வாளருக்குத் தெரியும். நாம் வாங்கும் போத்தலில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இலைக்கு இலை வீரியம் மாறும். ஓர் ஆய்வில் தாய்லாந்து மரத்து இலையின் ஆல்கலாய்டுகளில் 66 விழுக்காடு மித்ராஜினைன் இருந்தது. மலேசிய இலையில் 12 விழுக்காடுதான் இருந்தது. இதைவிடக் கொடியது கலப்படம். இளைஞர் சிலர் கெத்தும் நீரோடு இருமல் மருந்தையும் குளிர்பானத்தையும் கலந்து குடிக்கிறார்கள். சுவீடன் நாட்டில் கெத்தும் பொடி என்று விற்ற ஒரு பண்டத்தில் வேறொரு வலி மருந்தின் சத்தையும் கலந்திருந்தார்கள். ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்திய 9 பேர் இறந்தார்கள் என்று 2011-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இரண்டு பொருளும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும். உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கலக்காமல் குடித்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. நாம் சாப்பிடும் மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அந்த வேலையில் ஒரு பகுதியை மித்ராஜினைன் தடுக்கிறது. அதனால் வேறு மருந்து சாப்பிடுகிறவர் உடம்பில் அந்த மருந்து அளவுக்கு மீறித் தேங்கலாம். கருவுற்ற தாய்மார்கள் இதைத் தொடவே கூடாது. நாள்தோறும் குடித்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள், பிறந்த சில நாளிலேயே நடுக்கமும் ஓயாத அழுகையுமாகத் துன்பப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் 2003-ஆம் ஆண்டு முதல் மித்ராஜினைன் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. கெத்தும் நீரை விற்றுப் பிடிபட்டவர்களைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். தாய்லாந்து 1943 முதல் இந்த இலையைத் தடை செய்திருந்தது. 2021-இல் தடையை நீக்கிவிட்டது. வடக்கே அப்படி இருக்க, தெற்கே சிங்கப்பூரில் இது ஹெராயினோடு சேர்த்து "ஏ" வகுப்புப் போதைப்பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. ஜொகூர்க்காரர்களான நாம் இதை மறக்கவே கூடாது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடந்து அங்கே வேலைக்குப் போகிறார்கள். "களைப்புக்கு ஆகும்" என்று யாரோ கொடுத்த ஒரு போத்தல் பையில் இருந்தால், பாலத்தின் அந்தப் பக்கத்தில் அது ஒரு குடும்பத்தின் வாழ்வையே முடித்துவிடும். இன்றிரவே உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, வீட்டில் ஒருவர் குடித்து வருகிறார். குடும்பத்தார் என்ன செய்யலாம்?

முதலாவது, எங்களைப் போல் ஒரே நாளில் கொட்டச் சொல்லாதீர்கள். நெடுநாள் பழகியவர் மருத்துவர் உதவியோடு நிறுத்துவதே நல்லது. இரண்டாவது, பிள்ளையை வேவு பார்க்க வைக்காதீர்கள். பெரியவர்கள் பேச வேண்டியதைப் பெரியவர்களே பேசுங்கள். மூன்றாவது, அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போனால் மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எத்தனை கிளாஸ், எத்தனை ஆண்டு, வேறு என்ன மருந்து, என்ன கலந்து என்பவை எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் கொடுக்கும் மருந்தே கெடுதலாகிவிடலாம். ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானவர்களுக்கு 2005 முதல் நம் நாட்டில் அரசாங்கமே மெத்தடோன் சிகிச்சை அளித்து வருகிறது. போதையை ஒரு நோயாகப் பார்த்து மருந்து கொடுக்கும் வழி இங்கே திறந்திருக்கிறது.

நான்காவதுதான் தலையாயது. வலியைக் கேளுங்கள். அந்த மனிதர் ஆசைக்குக் குடிக்கவில்லை, வலிக்குக் குடித்தார். தோள்வலி ஏன் வந்தது, எலும்பா, தசைநாரா, கழுத்து நரம்பா என்று பார்க்காமல் குடிப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னால், அவர் வேறொரு போத்தலைத் தேடித்தான் போவார். வேலையினால் வந்த காயத்துக்கும் நோய்க்கும் உதவுவதற்காக 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டு, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புத் திட்டம் நடந்து வருகிறது. சம்பளச் சீட்டில் அதற்குப் பணம் பிடிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதைக் கேட்டுப் பெறலாம் என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் உங்கள் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். அதைப் படித்துச் சொல்வதும் எங்கள் வேலைதான்.

அந்தப் பையனின் தகப்பனார் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நாங்கள் இவற்றையெல்லாம் படித்த பிறகு, ஒரு நாள் மாலை அவர் வீட்டுக்குப் போய், முதலில் எங்கள் பிழையைச் சொன்னோம். "நாங்க தெரியாம சொல்லிட்டோம். அதுக்கு உங்க மகன் அடி வாங்கிட்டான்" என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வலி நெசந்தான் சார்" என்றார். "நெசந்தான். அது ஆய்விலேயும் இருக்கு" என்றோம். அவர் சொல்வதை நம்புகிறோம் என்று தெரிந்த பிறகுதான் கிளினிக்குக்கு வரச் சம்மதித்தார். தோளுக்குச் சிகிச்சை நடந்தது. குலை வெட்டும் வேலையிலிருந்து வேறு வேலைக்கு மாறினார். குடிப்பதைச் சிறிது சிறிதாகக் குறைத்தார், நடுவில் ஒருமுறை பழையபடி வழுக்கினார், மீண்டும் குறைத்தார். பல மாதம் ஆயிற்று.

இப்போதெல்லாம் பிள்ளைகள் விடை தெரியாத கேள்வி கேட்டால், "தெரியாது, தெரிந்துகொண்டு வந்து சொல்கிறோம்" என்று சொல்லிவிடுகிறோம். பினாங்கில் ஐஸ் தண்ணீரை வைத்துக்கொண்டு விநாடி எண்ணிய அந்த ஆய்வாளர்கள் செய்ததும் அதைத்தானே? தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஆசைக்கும் அச்சத்துக்கும் இடம் கொடுக்காமல் அளந்து பார்த்தார்கள். அளந்ததற்கு மேல் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது "இந்த இலை நல்லது" என்றோ, "அந்த வேர் கெட்டது" என்றோ சொன்னால், யார் அளந்தார்கள், எத்தனை பேரிடம் அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இந்த மூன்று கேள்வியையும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகூடக் கேட்கலாம்.